நேர்ந்துவிட்ட தாடி

"சுல்தானுக்குப் பட்டம் போச்சு தொரை! வாங்க, உட்காருங்க. தாடியை எறக்கிடலாம்."

செர்பியாக்காரர் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். "யார் சொன்னது செல்லையா?"

"பக்கத்து டீக்கடை பர்கத்துல்லா பாய் பேப்பர்ல படிச்சாரு. துருக்கி சுல்தான் அவங்களுக்குக் கலீபாவாச்சே, படிச்சதுலேருந்து அழுதுக்கிட்டே டீ ஆத்துறாரு."

ஒரு வீட்டில் இழவு, ஒரு வீட்டில் கல்யாணம் என்று நினைத்தபடி நாவிதன் செல்லையா கத்தியைத் தீட்டினான். செர்பியாக்காரர் கையில் ஒரு டீயையும் வாங்கிக் கொடுத்தான். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

ரங்கூனில், கெமண்டைன் படகுத்துறையை ஒட்டி அவன் சவரக்கடை. செர்பியாக்காரரோ, துருக்கி சுல்தானை எதிர்த்து மலைக்காட்டில் மறைந்திருந்து சண்டை போட்ட படைத்தலைவராம். துறைமுகத்தில் கிடந்தே தமிழும் கற்றுக்கொண்டிருந்தார். சுல்தான் பட்டம் இழக்கும்வரை தாடியில் கத்தி படக்கூடாது என்று சபதம். மற்ற நாவிதர்கள் கிறுக்கன் என்று சிரித்தார்கள். செல்லையா சிரிக்கவில்லை. பிள்ளை வரம் கேட்டுப் பழனியாண்டவருக்கு முடி வளர்த்தவன் அவன். நேர்ந்த முடியை இறக்காமல் போனால் கட்டை வேகாது என்பது அவனுக்குத் தெரியாதா?

"தலையைக் கொஞ்சம் சாய்ங்க தொரை."

"சாய்க்க மாட்டேன். நேராவே எடு."

"கழுத்துத் துண்டையாவது அவிழ்க்கலாமே? நனைஞ்சு கிடக்கு."

"கடைசியில."

எப்போது டீ குடித்தாலும் அந்தத் துண்டு நனைந்துவிடும். பாவம், வாயோரம் வழிய விட்டுக்கொள்கிறார் என்று செல்லையா பரிதாபப்படுவான்.

கத்தரித்த முடி அவன் கையில் விழுந்தது. சில்லென்று இருந்தது. கூடவே ஈரமண்ணும், ஊசி ஊசியாக ஏதோ மரத்தின் இலைகளும் உதிர்ந்தன. அப்படி ஒரு மரத்தை ரங்கூனில் அவன் பார்த்ததே இல்லை. பேச்சுக் கொடுத்தால் பயம் தெரியாது என்று வாயைத் திறந்தான்.

"உங்க ஆளுங்க எல்லாம் என்ன ஆனாங்க தொரை?"

"எவனோ காட்டிக் கொடுத்துட்டான். சுல்தானோட சிப்பாய்ங்க சுத்தி வளைச்சு, எங்க படையில ஒருத்தன் விடாம தலையை வெட்டினாங்க. வெட்டின தலையை எல்லாம் பாலத்து மேல வரிசையா நட்டு வெச்சாங்க. ஊர்ச்சனம் பார்த்துப் பயப்படணுமாம்."

"ஐயோ!"

"என் படைப் பிள்ளைங்க இன்னும் அந்தப் பாலத்து மேலதான் காத்திருக்காங்க. நான் சேதி கொண்டுபோனாத்தான் கண்ணை மூடுவாங்க. அதுக்குத்தான் துறைமுகம் துறைமுகமா அலைஞ்சேன்."

துக்கத்தில் மனுஷருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தான் செல்லையா. கன்னத்தை ஒருமுறை பதமாக வழித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"முடிஞ்சுது தொரை. உங்க வேண்டுதல் நிறைவேறிடுச்சு. ஒருத்தரையும் விடலேன்னீங்களே, நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க?"

அவர் எழுந்து நின்று கழுத்துத் துண்டை மெல்ல அவிழ்த்தார். கழுத்தைச் சுற்றி முழு வட்டமாக வெட்டு ஒன்று வாய்பிளந்திருந்தது. பர்கத்துல்லாவின் டீ அதன் வழியே கசிந்துகொண்டிருந்தது.

"தப்பிச்சேன்னு நான் எப்பச் சொன்னேன், செல்லையா?"