குழி நாறிய நாள்

“ஏம்புள்ள, இம்புட்டுக் குப்பை கெடக்கு, துளிகூட நாத்தம் வரலையே. எப்பிடி?”

நாகஜோதியின் உரக்குழியைப் பார்த்துவிட்டு சொர்ணலதா அக்கா ஒருமுறை இப்படிக் கேட்டாள். பெரியகுளம் சாலையில் நாற்றுப் பண்ணை வைத்திருப்பவள். மட்கிய உரத்தை மூட்டையாக வாங்கிப் போக வந்திருந்தாள்.

“ஈரக் குப்பை போட்டதும் பூண்டுத் தோலை அள்ளி மூடிருவேன்க்கா. மீனு, கறி மட்டும் உள்ள விட மாட்டேன்,” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் நாகஜோதி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்ற பிறகு, வெளியாளிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

வடுகபட்டியில் பூண்டுத் தோலுக்குப் பஞ்சமில்லை. அம்மா முருகம்மாள் மண்டியில் பூண்டு சுத்தம் செய்யப் போகிறவள். தோலைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வருவாள். “மண்டியில தீ வச்சுக் கொளுத்துறத நான் தலையில சொமக்க வேண்டியிருக்கு,” என்று புலம்பிக்கொண்டேதான் இறக்குவாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த குழி இன்றைக்கு நாறியது. அதுவும் அத்தை பொன்னாத்தாள் பூ வைக்க வந்த நாளில்.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. அவள் மகன் ராஜபாண்டிக்கு நாகஜோதியைவிட இரண்டு மடங்கு வயது. அவனுடைய முதல் மனைவி கையில் மாவுக்கட்டோடு தாய் வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவேயில்லை. பெரியவர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். முறை கேட்டு அக்கா வந்து நின்றால் தம்பி மறுக்க முடியாது. மறுத்தால் உறவு அறுந்து போகும். அத்தை கொண்டுவந்த மல்லிகை தலையில் ஏறிவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. நாகஜோதியை யாரும் கேட்கவில்லை.

விடிந்ததுமே அம்மா உத்தரவு போட்டிருந்தாள்.

“இன்னைக்கு ஒரு நாளாச்சும் குழிப் பக்கம் போகாத. சேலையக் கெட்டிக்கிட்டு உள்ளயே இரு.”

சொல்லிவிட்டு வெற்றிலை பாக்கு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் வந்தாள். வந்ததும் எலுமிச்சம்பழம் பிழிய உட்கார்ந்தாள். பிழிந்த தோலை எறியாமல் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கால் கழுவக் கொல்லைப் பக்கம் போன அத்தை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். கழுவி வைத்த டம்ளரையே இன்னொரு தரம் கழுவிக் குடிக்கிறவள் அவள்.

“ஏலே வீரணா, என்னலே இது? கொல்லையில எதுவும் செத்துக் கெடக்கா?”

“இல்லக்கா. புள்ள உரக்குழி வச்சிருக்கு,” என்று அப்பா குழைந்தார். “என்னைக்கும் இப்பிடி அடிக்காது.”

கதவோரம் நின்ற நாகஜோதிக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுச் சரியாக மூடாமல் விட்டுவிட்டோமோ?

“என்னைக்கும் இப்பிடித்தான் மதினி,” என்றாள் அம்மா, டம்ளரை நீட்டியபடி. “எங்களுக்கு மூக்கு மரத்துப் போச்சு. நீங்க புதுசா வந்தவுக, ஒங்களுக்குத் தெரியுது.”

அத்தை டம்ளரை வாங்கவில்லை. “சரி, விடு. சின்னப் புள்ளதான. நம்ம வீட்டுக்கு வந்தாப் பழக்கிக்கிடலாம்,” என்று பூப்பையை மடிக்கு இழுத்தாள்.

நாகஜோதி கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“எங்குட்டுப் பழக்க?” என்றாள் அம்மா. “மண்டபத்துல கல்யாணம்னா இவளுக்குத்தான் கொண்டாட்டம். பந்தி எலையப் பூராம் பொறுக்கியாந்துருவா. அவ கைய மோந்து பாருங்க, எந்தச் சோப்புக்கும் போகாது. ஒங்க அடுப்படிக்குப் பின்னாலயும் மொத வேலையா ஒரு குழியத் தோண்டிருவா, பாருங்க.”

நாகஜோதியின் கண்கள் நிறைந்தன. எந்த மண்டபத்து இலையையும் அவள் தொட்டதில்லை. பெற்ற தாயே இப்படியா பேசுவாள்?

“இந்தா, நீ சும்மா இரு,” என்று அப்பா அதட்டினார். “அக்கா, இன்னைக்கே அந்தக் குழிய மண்ணப் போட்டுத் தூத்துருறேன்.”

“குழியத் தூத்துருவ. கொணத்த என்னலே செய்வ?”

அந்த நேரம் பார்த்துக் காற்று கொல்லையிலிருந்து வீட்டுக்குள் திரும்பியது. அத்தைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டாள்.

“எம்மகனுக்குச் சோறு போடுற கை இப்பிடி இருந்தா எனக்குத் தோதுப்படாதுப்பா. நாந்தான் வேணாங்குறேன், நீ மனசுல வச்சுக்கிறாத. நம்ம ஒறவு எப்பவும் போல இருக்கட்டும்.”

திறக்காத மல்லிகைப் பை அத்தையின் ஊரான கெங்குவார்பட்டிக்கே மினி பஸ் ஏறிவிட்டது.

“அக்காவே வேணாம்னுட்டாக. நம்ம என்ன செய்ய?” என்றார் அப்பா. அந்தக் குரலில் வருத்தம் தேடினாலும் அகப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.

நாகஜோதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்கு ஓடினாள். தன்னைக் காப்பாற்றிய குழியை இனி ஒரு நிமிடமும் நாற விடக் கூடாது.

நேற்று அவள் போட்ட பூண்டுத் தோல் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. நடுவில், மீன் கடையில் கழித்துப் போட்ட செவுளும் குடலும் அழுகிப்போய், ஈ மொய்க்கக் குவிந்து கிடந்தன. பூ வைக்கும் நாள் என்று இன்றைக்கு வீட்டில் முட்டைகூட உடைக்கவில்லை.

நிமிர்ந்தாள். எதிரே அம்மா நின்றிருந்தாள்.

அம்மா கையிலிருந்த எலுமிச்சைத் தோலை உள்ளங்கையில் கடைசியாக ஒருமுறை அழுத்தித் தேய்த்துக் குழிக்குள் போட்டாள். பூண்டுத் தோல் சாக்கை அவிழ்த்து, இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி மீன் கழிவை மூடினாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.