நொண்டாத கால்

அந்த வக்கீலம்மாவுக்கு ஈவு இரக்கமே கிடையாதுன்னு அன்னிக்குக் காலைல பத்தரை மணிக்கே நான் முடிவு பண்ணிட்டேன்.

நான் தங்கச் சுரங்க ஊரு சாம்பியன் ரீப்ஸ்ல ஆட்டோ ஓட்டுறவன், பேரு சிவகுமார். பக்கத்து வீட்டு மரியகுழந்தை அண்ணனையும் அவர் சம்சாரம் ஞானசுந்தரி அக்காவையும் கோலார் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன்.

அண்ணன் மைன்ஸ்ல வேலை செஞ்சப்போ பாறை விழுந்து இடது இடுப்பும் காலும் போச்சு. மைன்ஸ் மூடினப்புறம் இருபது வருஷம் வாட்ச்மேன். நிக்க முடியலைன்னு இப்போ அந்த வேலையும் போயிடுச்சு. ஹேண்டிகேப் பென்ஷன் வந்தாதான் வீட்ல அடுப்பு எரியும்.

அதுக்கு சர்டிபிகேட்ல ஊனம் நாற்பது சதவீதமாவது இருக்கணும். போன தடவை முப்பதுன்னு எழுதிட்டாங்க. வக்கீல் நளினி மேல்முறையீடு போட்டாங்க. அன்னிக்கு வேற டாக்டர் மறுபடியும் பாக்குற நாள்.

கேட்லயே வக்கீலம்மா கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்திட்டாங்க.

"கட்டடம் வரைக்கும் ஆட்டோ போவும் மேடம்."

"வேணாம். அங்கிள் நடந்து வரட்டும்."

நடந்தாரு. போய்ச் சேர்ந்ததும் ஒரு பேப்பரை நீட்டினாங்க.

"அங்கிள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை இருக்கு. ஒரு காப்பி எடுத்துட்டு வந்துடலாம், வாங்க."

"நான் ஓடிப்போய் எடுத்துட்டு வரேன்"னு கையை நீட்டினேன்.

"நீங்க உட்காருங்க."

அண்ணன் முன்னால போறாரு, இந்தம்மா ரெண்டடி பின்னால போறாங்க. கைதிய கூட்டிட்டுப் போற மாதிரி! திரும்பி வந்ததும், "அய்யோ, பின்பக்கம் எடுக்கல அங்கிள்"னு மறுபடியும் கிளப்பிட்டாங்க.

எனக்கு ரத்தம் கொதிச்சுது. அக்கா புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

ரூம் ரெண்டாவது மாடி. லிஃப்ட் கதவு தொறந்தே இருக்கு.

"படியிலயே போலாம்"னாங்க வக்கீலம்மா.

"இன்னா மேடம், நீங்க மனுஷங்கதானா?" கேட்டே புட்டேன்.

அண்ணன்தான் அடக்கினாரு. "விடு சிவா. ரெண்டு மாடிதானே, இன்னா இப்போ?"

மேல ரூம் கதவு தொறந்திருந்துச்சு. நான் வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். அண்ணனோட பழைய ஆஸ்பத்திரி சீட்டுங்களை ஒவ்வொண்ணா எடுத்து வச்சு வக்கீலம்மா பேசினாங்க. கேட்டுட்டு டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினாரு.

"வலி இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

அக்கா தலையில கை வச்சுக்கிட்டாங்க.

"அந்தச் சுவர் வரைக்கும் நடங்க."

அண்ணன் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தாரு. நாலடி நல்லாத்தான் போனாரு. அஞ்சாவது அடியில இடது கால் வரல. மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு, முகமெல்லாம் வேர்வை.

டாக்டரே எழுந்து வந்து நாற்காலி போட்டாரு. இடுப்பை அழுத்திப் பாத்தாரு, ரெண்டு காலையும் டேப் வச்சு அளந்தாரு, புது எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாரு. மத்தியானம் பேப்பர் வந்துச்சு. ஐம்பத்தஞ்சு சதவீதம்!

அக்கா வக்கீலம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அண்ணன் பாத்ரூம் பக்கம் போனதும் நான் வக்கீலம்மாவை மடக்கினேன்.

"ஜெயிச்சுட்டீங்க, சரி. அதுக்காக ஒரு மனுஷனை இப்படியா வதைக்கிறது?"

வக்கீலம்மா கோவிச்சுக்கல.

"எங்கப்பாவும் நம்ம ஊரு மைசூர் மைன்ஸ்ல அண்டர்கிரவுண்ட்தான். அடிபட்டவங்க நொண்டினா மேல சர்ஃபேஸ் வேலைக்கு மாத்திடுவாங்க, கூலி குறைஞ்சிடும். அதுக்குப் பயந்து டாக்டர் முன்னால பல்லைக் கடிச்சுக்கிட்டு நேரா நடப்பாங்க. உங்க அண்ணன் போன தடவையும் அதைத்தான் செஞ்சாரு. ஆட்டோல வந்து, லிஃப்ட்ல ஏறி, பத்தடி மார்ச் பண்ணிட்டுப் போயிட்டாரு. அந்த டாக்டர் கண்ணுல பட்டதை எழுதினாரு."

அண்ணன் வர்றாரான்னு பாத்ரூம் பக்கம் ஒரு தடவை பாத்துக்கிட்டாங்க.

"நொண்டிக் காட்டுங்கன்னு அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? அது அவருக்கு எவ்ளோ அவமானம்! அதான், தினமும் வீட்ல நடந்து நடந்து கால் தளர்றது இங்கயும் தெரியட்டும்னு நடக்க விட்டேன். விழுந்துடுவாரோன்னு பின்னாலயே போனேன். அவருக்குத் தெரிய வேணாம். எக்ஸ்ரேயாலதான் ஜெயிச்சோம்னு சொல்லிடறேன்."

அப்படியேதான் சொன்னாங்க. அண்ணனும் தலையை ஆட்டிக்கிட்டாரு. "அதானே பாத்தேன். நான் நல்லாத்தானே நடந்தேன்!"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. மன்னிச்சுடுங்க மேடம்னு சொல்லிட்டு வந்து ஆட்டோவை எடுத்தேன்.

ஊருக்குத் திரும்புற வழியில, அக்கா கண்ணயர்ந்ததும் அண்ணன் என் தோளைத் தட்டினாரு.

"சிவா, அந்தப் பொண்ணைத் திட்டினியே, பாவம்டா."

"ஏன்ணா?"

"எதுக்கு நடக்க விடுதுன்னு மொதல் ஜெராக்ஸ்லயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கால் முடியலைன்னு சொல்ல எனக்குத்தான் வாய் வரல. அதான், கூப்பிட்ட பக்கமெல்லாம் போனேன்."

கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கிட்டிருந்தாரு.

"எனக்குத் தெரியும்னு அதுகிட்ட சொல்லிடாத. என் மனசு நோவக்கூடாதுன்னு அவ்ளோ பாடுபட்டு மறைச்சிருக்கு."