வெளியில் நின்றவள்

கதவு, யன்னல் எல்லாம் சாத்தி, கத்தியைக்கூட ஒளித்து வைத்துவிட்டுத் திரும்பிய கனகாம்பிகை வாசல் கதவை நீக்கிப் பார்த்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் நிவேதனா முற்றத்தில் நின்று, கறுப்புப் பில்டர் போட்ட கமராவைச் சூரியனுக்கு நேரே பிடித்திருந்தாள்.

"கிரகணம் தொடங்கீட்டுது, உள்ளுக்கு வா பிள்ளை!" வாசலைத் தாண்டப் பயந்து உள்ளே நின்றே கத்தினாள்.

"வளையம் வரப்போகுது மாமி. எடுத்துப்போட்டு வாறன்."

"மானிப்பாயே கதவைச் சாத்திக்கொண்டு இருக்குது. நாளைக்குப் பிள்ளை சொண்டு பிளந்து பிறந்தால் ஊர் ஆரைக் கேக்கும்?"

"என்னைக் கேக்கட்டும். நான் பதில் சொல்லுறன்."

"வாய்க்கு வாய் கதையாதை. உன்ரை அம்மா விட்ட பிழையை நீயும் விடாதை!"

கமரா அசையவில்லை. சூரியன் மெல்லிய நெருப்பு வளையமானது. ஆசை தீரப் படமெடுத்த பிறகுதான் நிவேதனா கமராவை முகத்திலிருந்து இறக்கினாள்.

"அம்மா ஒரு பிழையும் விடேல்லை மாமி. தொண்ணூற்றைஞ்சிலை கிரகணம் வரேக்கை நான் அவவின்ரை வயித்துக்குள்ளை. அண்டைக்கு வெளியிலை ஒரே ஷெல்லடி. விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரைக்கும் அவ பங்கருக்குள்ளைதான் இருந்தவ. ஒரு பொட்டு வெயில்கூட அவவிலை படேல்லை."



தன் மேலுதட்டைக் குறுக்கே பிரித்த பழைய தையல் தழும்பில் நிவேதனா விரலை வைத்தாள்.

"அப்ப, இதைப் பிளந்தது எந்தச் சூரியன் மாமி?"