முன் சீட்டு மகாராணி

“சார், உங்க வண்டிக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா?”

மெக்கானிக் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஒரே மாசத்தில் மூணாவது தடவையாக அந்த பிக்கப் வண்டி ஷெட்டுக்கு வந்திருக்கிறது. டேஷ்போர்டில் அதே சிவப்பு லைட். ஏர்பேக் லைட். வண்டி மோதினால் முன்னாலிருந்து வெடித்து விரிகிற காற்றுப் பைக்கான லைட்.

“டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில ஒரு மஞ்சள் வயர் போகுது. அது கழண்டா இந்த லைட் எரியும். ரெண்டு தடவை என் கையால மாட்டி அனுப்பினேன். மறுபடியும் கழண்டு கிடக்கு!”

“எலியா இருக்குமோ?” என்றான் வண்டிக்காரன்.

“எலி கடிக்கும் சார். கழட்டாது.”

வண்டிக்காரன் தலையைச் சொறிந்தான். தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ணுகிறவன் அவன். சத்தத்தை வைத்தே எந்த மோட்டாருக்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவான். இந்த லைட் விவகாரம் மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை.

வீட்டு விவகாரமும்தான்.

பின் சீட்டில் பாதியை அவனுடைய டூல்ஸ் பெட்டி அடைத்துக்கொண்டிருக்கும். மிச்ச இடத்தில் ஒரே ஒரு ஆள் உட்காரலாம். மனைவிக்கு இது ஏழாவது மாசம். அவள் முன்னாடி உட்கார்ந்தால் என்ன? ஒரு மாசமாக எங்கே கிளம்பினாலும் அவனுடைய அம்மா முந்திக்கொண்டு ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிவிடுகிறாள்.

இத்தனைக்கும் அம்மா அப்படிப்பட்ட ஆளே இல்லை. வீட்டில் ஒரு ஆப்பிளை நறுக்கினால்கூட நல்ல துண்டெல்லாம் மருமகள் தட்டுக்குத்தான் போகும். வண்டிக் கதவைத் திறந்தால் மட்டும் என்னதான் ஆகிறதோ!

இன்றைக்கு செக்கப் முடிந்து வருகிற வழியிலும் அதே கதை. ஷெட்டில் இறங்கியதுமே மனைவி அவனைப் பழைய டயர்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“உங்க அம்மாவுக்கு ராத்திரியானா முட்டி வலி, தைலம் தடவணும். பகல்ல மகாராணி மாதிரி முன் சீட்டு. நான் டூல்ஸ் பெட்டியோட பெட்டியா பின்னாடி. இங்கேருந்து கிளம்பும்போதும் அவங்கதான் முன்னாடின்னா, நான் பஸ் ஏறி எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். குழந்தை பொறந்தாலும் திரும்பி வர மாட்டேன். சொல்லிட்டேன்.”

சொன்னால் செய்கிறவள் அவள். அம்மாவிடம் எப்படிப் பேச்செடுப்பது?

“சார்!” மெக்கானிக் கூப்பிட்டான். “வயரை மாட்டி லைட்டை அணைச்சுட்டேன். ஆனா காரணம் தெரியாம இன்னைக்கு விட மாட்டேன். வழக்கமா எப்படி உக்காருவீங்களோ அப்படியே எல்லாரும் ஏறி உக்காருங்க, பாப்போம்.”

சொல்லி வாய் மூடவில்லை, அம்மா முன் சீட்டில் இருந்தாள். மருமகள் பின்னால் ஏறிக் கதவை டமாரென்று சாத்தினாள்.

அம்மா குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கினாள். கடக், கடக், கடக். சீட்டு முன்னால் நகர்ந்துகொண்டே போய்க் கடைசிப் பல்லில் நின்றது. அவளுடைய இரண்டு முட்டியும் டேஷ்போர்டில் போய் முட்டின.

பளிச்சென்று சிவப்பு லைட் எரிந்தது.

“அட!” மெக்கானிக் தரையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். “வயரு இவ்வளவு தூரம் வராதும்மா. இழுத்து இழுத்துக் கழண்டிருக்கு. எதுக்கு இப்படி மூக்கு இடிக்கிற மாதிரி உக்காருறீங்க?”

“பின்னாடி புள்ளத்தாச்சி உக்காந்திருக்காளே! அவ காலை நீட்ட வேணாமா?”

வண்டிக்காரனுக்குச் சுருக்கென்றது. எல்லாரும் வெளியே போய் வந்த மறுநாள் காலையில் அந்த சீட்டு முன்னால்தான் கிடக்கும். சீட்டுக்கு முன்னால் காலடியில் மோட்டாரை வைக்க அதைப் பின்னால் தள்ளிக்கொள்வான். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“அப்போ அவங்களையே முன்னாடி உக்கார வச்சிருக்கலாமே,” என்றான் மெக்கானிக். “இவ்வளவு கிட்டக்க உக்காந்தா, பை வெடிச்சு விரியும்போது உங்களைத்தான் மொதல்ல அடிக்கும்!”

“தெரியும்பா. அதனாலதான் நான் உக்காருறேன்.”

“என்னம்மா சொல்றே?” என்றான் மகன்.

அம்மா தலைக்கு மேல் இருந்த வெயில் மறைப்புத் தட்டைக் கீழே இறக்கினாள். அதில் ஒரு படம். ஒரு குழந்தை, அதன் மேல் உருண்டையாக வந்து மோதுகிற ஒரு பை, குறுக்கே சிவப்புக் கோடு.

“எனக்குப் படிக்கத் தெரியாது. படம் பாக்கத் தெரியும். குழந்தையை முன்னாடி உக்கார வைக்காதேன்னு போட்டிருக்கான். இவ வயித்துல இருக்கறது என்ன, பூசணிக்காயா?”

மெக்கானிக் சிரித்துவிட்டான். “அது மடியில வைக்கிற குழந்தைக்கும்மா. சீட்டை நல்லாப் பின்னாடி தள்ளி, பெல்ட்டை வயித்துக்குக் கீழ போட்டுக்கிட்டா, அவங்க தாராளமா முன்னாடி உக்காரலாம்.”

“இதை வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?” என்றான் மகன்.

“நல்லா இருக்கே! வாயும் வயிறுமா இருக்கறவகிட்ட வெடிக்கும், அடிக்கும்னு பேசுவாங்களா? ராத்திரி தூங்குவாளா அவ?” அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே இறங்கினாள். “சரி, அதான் ஒண்ணும் ஆகாதுங்கறாரே. நீ முன்னாடி வாம்மா.”

பின்னால் இருந்தவள் இறங்கவில்லை. டூல்ஸ் பெட்டியை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்களே உக்காருங்க அத்தை. ஆனா சீட்டை நல்லாப் பின்னாடி தள்ளிக்குங்க. எனக்கு இங்க நிறைய இடம் இருக்கு.”