பெட்டிக்கு விசிறுகிறவள்

நண்பகல் வெயிலில் சும்பா தீவின் ஒரு கிராமச் சுகாதார நிலையம் அசைவற்றுக் கிடக்கிறது. கூரையில் வெளிநாட்டார் தந்த சூரியத் தகடுகள் கண் கூசப் பளபளக்கின்றன. உள்ளே, அவற்றின் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியின் முன் செவிலி லிகா உட்கார்ந்து, பனையோலை விசிறியால் அதற்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். சூடேறினால் பெட்டி தானாக அணைந்துவிடும். பிறகு குளிர்பெட்டியில் இருக்கும் குழந்தைகளின் தடுப்பூசி மருந்து கெட்டுப்போகும். பெட்டியின் காற்றுத் துளைகளைச் சிவப்பு நெசவுத்துணி ஒன்று மூடியிருக்கிறது. திறப்பு விழாவன்று, ஊருக்கு வந்த விருந்தாளிக்குச் செய்வதுபோல், பூசாரி அதைப் போர்த்தினார். போர்த்திய கைதான் அதை எடுக்கலாம் என்பது ஊர் வழக்கம். அவர் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீ இப்படி விசிறினதில்ல" என்கிறான் வாசலில் நிற்கும் கணவன் ஹினா.

"உனக்கு யாரு துணி போர்த்துனா?"

அவன் சிரிக்கிறான். "பேசாம எடுத்துடேன் லிகா. யாரு பாக்குறா?"

"எடுத்துடலாம். அப்புறம் எந்தத் தாய் பிள்ளையத் தூக்கிட்டு இங்க வருவா?"

பிறகு அவன் உள்ளே வந்து விசிறிக்குக் கை நீட்டுகிறான். அவள் கொடுத்துவிடுகிறாள். மடியில் கிடக்கும் அவளுடைய வெறுங்கை இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது.