மாட்டாஸ்பத்திரி காலி

"எயுந்திரு! எயுந்திரு! எல்லாம் வெளிய போ!"

வாட்ச்மேன் தனகோடி தடியால் கதவைத் தட்டினார். முதலில் சந்திரம்மாவின் ஸ்டவ் ரோட்டோரம் போய் உட்கார்ந்தது. பின்னாலேயே குண்டான், பாய், கோழி. கடைசியாகச் சந்திரம்மா. அவளுக்குப் பின்னால் இன்னும் சில குடும்பங்கள்.

கருங்குழியில் சும்மா கிடந்த அந்தப் பழைய மாட்டாஸ்பத்திரியை வீடில்லாதவர்களுக்குக் குடியிருப்பாக மாற்றப்போகிறார்கள். அதற்குப் போட்டோ எடுக்க ஆபீசிலிருந்து வந்த தமிழ்ச்செல்வி வாசலிலேயே திகைத்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து இதுதான் முதல் மாதம்.

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? இந்த இடமே இவங்களுக்குத்தானே வரப்போகுது!"

"வரட்டும் மேடம். வந்தப்பறம் வரட்டும்."

"இத்தனை நாள் உள்ளேதானே இருந்தாங்க?"

"யாரு? உள்ளயா? நான் பாக்கவே இல்லியே!" என்றார் தனகோடி, மாடுகளை நிறுத்தி ஊசி போடும் கம்பிக் கூண்டில் காய்ந்துகொண்டிருந்த பாவாடையை உருவியபடி.

தமிழ்ச்செல்விக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. இன்றைக்குப் போட்டாள்.

"நீங்க உள்ளே வாங்கம்மா. யார் தடுக்கிறாங்கன்னு நான் பாக்குறேன்."

சந்திரம்மா அசையவில்லை. "வாணாம் கண்ணு. இங்க காத்து நல்லா கீது."

மே மாத வெயில். காற்று என்று அவள் சொன்னது லாரிப் புகையை.

"பயப்படாதீங்க!" என்று ஸ்டவ்வையும் குண்டானையும் தமிழ்ச்செல்வியே தூக்கிக்கொண்டு போய், 'கருவூட்டல் அறை' என்று எழுதியிருந்த அறைக்குள் வைத்தாள். கோழியும் கூடவே போனது.

தனகோடி தலையில் அடித்துக்கொண்டார்.

"நல்லது பண்றேன்னு குடியக் கெடுக்காதீங்க மேடம்! உள்ள ஆளு இருந்தா இது காலிக் கட்டடம் இல்ல. கூரைக்குக் கீய இருந்தா அவங்க வூடு இல்லாதவங்களும் இல்ல. ரெண்டுத்துல எது ஆனாலும் திட்டம் போச்சு, இடத்துக்கு சீலு. நீங்க ரூல்ஸ் படிக்கல?"

படித்திருந்தாள். அதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்றுதான் தோன்றவில்லை.

அதற்குள் ஹாரன் சத்தம். கட்டடத்தைச் சோதிக்க வந்த அதிகாரி பக்தவத்சலத்தின் ஜீப்.

ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! எல்லாரும் ஒழுங்கா தெருவுலயே இருக்காங்க!"

உள்ளே போனார். நின்றார்.

குண்டானில் சோற்றின் ஆவி இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் கோழி காவல் இருந்தது.

"யாரோ குடியிருக்காங்க போலிருக்கே? அப்போ திட்டம் கேன்சல்தான்."

வாசலுக்கு வெளியே சந்திரம்மா, தன் கோழியை இதற்கு முன் பார்த்தே இராதவள் போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னுது சார்," என்றார் தனகோடி. "ஸ்டவ்வு, சோறு, கோயி எல்லாம் என்னுதுதான். டூட்டில பசி தாங்கல."

"டூட்டியில சமையலா? அரசாங்கக் கட்டடத்துல கோழி வளர்ப்பா? இன்னியோட உனக்கு வேலை இல்லை. சாமானை எடு, சாவியைக் குடு, வீட்டுக்குப் போ!"

தனகோடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பக்தவத்சலம் கதவைப் பூட்டி, "கட்டடம் காலி, நல்லா இருக்கு. வேலையை ஆரம்பிச்சுடலாம்" என்று தமிழ்ச்செல்வியிடம் திருப்தியாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

தனகோடி ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சந்திரம்மா ஒதுங்கிக் கொடுத்த இடத்தில், பாயின் ஓரமாக உட்கார்ந்தார்.

தமிழ்ச்செல்வி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "அண்ணா... நீங்க வீட்டுக்குப் போகலையா?"

"எப்பிடிப் போறது மேடம்? சாவியத்தான் அவராண்ட குடுத்துட்டனே!"