விசில் கொடுக்காத கண்டக்டர்

"வண்டி நகராதுண்ணே. நான் விசில் கொடுக்க மாட்டேன்!"

பஸ் நிறைய ஆட்கள். கண்டக்டரம்மா கீழே இறங்கி நின்றுகொண்டாள்.

டிரைவருக்கு ரத்தம் கொதித்தது. "மூணு வாரமா லேசா குமட்டுது. பித்தம்தாம்மா, வேற ஒண்ணுமில்ல. ஏறு!"

"காலையிலேர்ந்து மூணு தடவை வாந்தி எடுத்தாச்சு. சர்க்கரை வேற இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எத்தனை வாட்டி சொல்லிட்டேன்!"

பயணிகள் கூச்சல் போட்டார்கள். டெப்போ மேனேஜர் ஓடி வந்தார். வேறு டிரைவரை ஏற்றிவிட்டு, இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"ஆறு வருஷமா ஒரே வண்டி. கூடப் பிறந்தவளாட்டம் நெனச்சேன். ஊரே பார்க்க மானத்தை வாங்கிட்டாளே!" ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த மனைவியிடம் பொருமித் தள்ளினார் டிரைவர்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"இன்சுலின் ஒழுங்கா போடுறீங்களா?"

"சாப்பாடே இறங்கல, ஊசி எதுக்குன்னு நாலு நாளா நிறுத்திட்டேன்."

"அதான் வினை! சர்க்கரை இருக்கிறவங்களுக்கு விடாம குமட்டினா மாத்திரையா இருக்கலாம், கிட்னியா இருக்கலாம். உங்களுக்கு இரைப்பை நரம்பு மந்தமாகி, சாப்பாடு அங்கேயே தங்குதுன்னு சந்தேகப்படுறேன். அதோட ஊசியையும் நிறுத்தினதுல ரத்தத்துல அமிலம் ஏறிடுச்சு. வண்டியை எடுத்திருந்தா, பாதி வழியிலேயே மயங்கியிருப்பீங்க."

 பஸ்ஸில் ஒரு கைக்குழந்தை இருந்தது டிரைவருக்கு நினைவுக்கு வந்தது.

மறுநாளிலிருந்து கண்டக்டரம்மா தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். "நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்கண்ணி" என்று அவர் மனைவியை அனுப்பிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்துகொள்வாள்.

"டியூட்டிக்குப் போகலையா தாயி?"

"லீவுண்ணே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

ஐந்தாம் நாள் பார்க்க வந்த மேனேஜரிடம், "சார், அந்தப் பொண்ணு என் உசிரை மட்டுமா காப்பாத்துனா? ஒரு பஸ் சனத்தையே காப்பாத்தியிருக்கா. ஒரு பாராட்டுக் கடிதமாவது கொடுங்க சார்" என்றார் டிரைவர்.

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடிதம் அன்னிக்கே கொடுத்தாச்சுப்பா. வண்டியை நிறுத்தினதுக்கு சஸ்பெண்ட் ஆர்டர். 'அண்ணன் குணமாகி வீட்டுக்குப் போற வரைக்கும் சொல்லிடாதீங்க சார்'னு கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிட்டுப் போனா."